மருந்துப் பெட்டியும் மலைக் கணவாயும்: மாநாட்டுத் தலைமை உரை



இமயமலை எல்லைப்புறங்களில் நடந்த கிறித்தவ மருத்துவப் பணியின் வரலாற்றை ஆராயக் கூடியிருக்கும் இந்த மாநாட்டுக்குத் தலைமை ஏற்கும்படி அழைத்த அமைப்புக் குழுவினருக்கு என் நன்றி. வரலாற்றுத் துறையினரும் மருத்துவர்களும் இறையியல் மாணவர்களும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து இந்தப் பொருளைப் பேசுவது அரிது. மூன்று தரப்பாரும் தத்தம் அறைகளில் பேசிக்கொண்டே இருந்துவிட்டதால்தான் இந்த வரலாற்றில் பல பக்கங்கள் எழுதப்படாமலே கிடக்கின்றன என்று நம்புகிறேன்.

இதுவரை இந்தப் பணியை நாம் இரண்டு கணக்குகளைக் கொண்டே அளந்து வந்திருக்கிறோம். எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்பது ஒன்று. எத்தனை பேருக்கு மருந்து கொடுக்கப்பட்டது என்பது மற்றொன்று. இரண்டையும் எழுதி வைத்தவர் மிஷனரி. படித்தவர் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் காணிக்கை கொடுத்தவர். மருந்து வாங்கிக்கொண்டு போனவர் எதையும் எழுதவில்லை. அவர் எதற்காக வந்தார், எதை ஏற்றார், எதை மறுத்தார் என்று கேட்டால் இதே ஆவணங்கள் வேறு கதை சொல்லும். அந்தக் கேள்வியை இந்த அவையின் நடுவே வைப்பதற்காகவே நான் பேச வந்திருக்கிறேன்.

எனக்கு ஓரளவு பழக்கமான, மொரேவியன் என்னும் புராட்டஸ்டண்ட் சபையின் மிஷனை எடுத்துக்கொள்கிறேன். நம் தரங்கம்பாடிக்கும் இந்தச் சபை புதிதல்ல. 1760இல் மொரேவியச் சகோதரர்கள் அங்கே வந்து குடியேறினார்கள். அங்கிருந்து நிக்கோபார் தீவுகளுக்குப் போய்க் காய்ச்சலுக்குப் பலரைப் பறிகொடுத்தார்கள். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து அதே சபையைச் சேர்ந்த ஹெய்டேயும் பாகெலும் மங்கோலியாவுக்குப் போகும் எண்ணத்தோடு இமயமலை அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இடையில் இருந்த திபெத்துக்குள் நுழைய வழி கிடைக்கவில்லை. எனவே 1856இல் லாஹௌல் பள்ளத்தாக்கின் கேலாங்கில் தங்கினார்கள்.

ஏன் கேலாங்? 1846 முதல் லாஹௌல் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. அதற்கு வடக்கே லடாக் காஷ்மீர் மகாராஜாவின் கையில் இருந்தது. அங்கே லேவில் மிஷன் தொடங்க 1885 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மருத்துவர் எந்த ஊரில் உட்காரலாம் என்பதை நோயைவிட எல்லைக்கோடும் அரசியலும்தான் தீர்மானித்தன. இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. லேவில் பிரிட்டிஷ் கூட்டு ஆணையர் ஒருவர் 1870 முதலே இருந்தார். மத்திய ஆசியாவின் யார்க்கண்ட் நகரோடு நடந்த வணிகத்தின் மீது பேரரசுக்கு ஒரு கண் இருந்தது. மிஷன் மருத்துவர் அங்கே வருவது அந்த ஆட்சிக்கும் வசதியாக இருந்தது. இதனால் மருத்துவரின் தியாகம் பொய்யாகிவிடாது. அதே சமயம், அந்தத் தியாகத்தைச் சொல்லி இந்த வசதியை மூடி மறைப்பதும் வரலாறு ஆகாது.

இந்த இடங்களைத் தொலைதூர எல்லை என்று எழுதுவது நமக்குப் பழகிவிட்டது. அந்நாளைய லே அப்படிப்பட்ட ஊரே அல்ல. யார்க்கண்டிலிருந்தும் காஷ்மீரிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் திபெத்திலிருந்தும் வணிகச் சாத்துகள் கோடைதோறும் அதன் கடைத்தெருவில் வந்து இறங்கின. கம்பளியும் தேயிலையும் பட்டும் வந்த அதே பாதையில் பெரியம்மையும் வந்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் கணவாய்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட பிறகுதான் லே கடைக்கோடி ஊரானது. மிஷன் மருத்துவமனை நின்றது ஒரு நாற்சந்தியில். அங்கே வந்த நோயாளிகள் யார் யார் என்று ஆராய விரும்பும் இளையோர் இதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

பாகெல் 1865இல் சத்லெஜ் கரையில், திபெத் எல்லையை ஒட்டிய பூ என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தார். போதகர் என்ற முறையில் திபெத்துக்குள் கால் வைக்க அவருக்கு அனுமதி கிடையாது. ஆனால் 1860களின் பிற்பகுதியில் எல்லைக்கு அப்பால் பெரியம்மை பரவியபோது அம்மை குத்துவதற்காக அவரை உள்ளே விட்டார்கள். வேதப் புத்தகத்துக்குத் திறக்காத கணவாய் அம்மைப் பாலுக்குத் திறந்தது. மருத்துவத்தின் வெற்றி என்று மிஷன் வரலாறுகள் இதைக் கொண்டாடும். எனக்கு இதில் எல்லைக்கு அப்பாலிருந்தவர்களின் தெளிவு தெரிகிறது. தங்களுக்கு வேண்டியது எது, வேண்டாதது எது என்று பிரித்துப் பார்த்து, வேண்டியதை மட்டும் அவர்கள் வாங்கிக்கொண்டார்கள்.

லேவுக்கு வருவோம். 1885இல் மொரேவியப் போதகர் ரெட்ஸ்லோப் அங்கே மிஷனைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு கார்ல் மார்க்ஸ் என்ற மருத்துவர் வந்தார். மூலதனம் எழுதியவருக்கும் இவருக்கும் பெயர் மட்டுமே ஒன்று. நோயாளிகளைப் பார்த்த நேரம் போக லடாக் அரசர்களின் வரலாற்று ஏடுகளைத் திரட்டி மொழிபெயர்த்தார். வங்காள ஆசியச் சங்கத்தின் இதழில் அவை வெளிவந்தன. 1889இல் லே வந்த பயண எழுத்தாளர் இசபெல்லா பேர்ட் இந்த இருவரின் பணியையும் நேரில் பார்த்தார். இரண்டே ஆண்டுகள் கழித்து, 1891இல், ஊரில் டைபஸ் பரவியது. ரெட்ஸ்லோபும் மார்க்ஸும் அதே ஆண்டு இறந்தார்கள். பின்னால் வந்த மருத்துவர் எர்னஸ்ட் ஷாவும் 1907இல் அதே டைபஸில் மாண்டார்.

இந்தச் சாவுகளைத் தியாகச் சாவுகள் என்று ஒரு வரியில் எழுதிக் கடந்துவிடுகிறோம். நான் கொஞ்சம் நின்று பார்க்க விரும்புகிறேன். லே கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் குடும்பம் முழுவதும் அடுப்பெரியும் ஒரே அறையில் ஒடுங்கிக்கொள்ளும். தடித்த கம்பளி அங்கியை மாதக்கணக்கில் கழற்றுவதில்லை. கழற்றினால் குளிர், துவைத்தால் காயாது. அந்த அங்கியின் தையல் மடிப்புகளில்தான் உடைப்பேன் வாழ்கிறது. காய்ச்சல்காரரின் உடம்பு கொதிக்கும்போது பேன் அந்தச் சூடு தாங்காமல் பக்கத்திலிருப்பவர் மீது ஏறும். பக்கத்தில் இருப்பவர் யார்? தாய், மனைவி, அடுத்தபடியாக மார்பில் காது வைத்துக் கேட்கக் குனியும் மருத்துவர். டைபஸைப் பரப்புவது உடைப்பேன்தான் என்று துனிஸ் நகரில் சார்ல் நிக்கோல் நிறுவியது 1909இல். ஷா இறந்து இரண்டு ஆண்டு கழித்து. தங்களைக் கொல்வது எது என்று தெரியாமலேதான் மார்க்ஸும் ஷாவும் ஒவ்வொரு படுக்கையாகக் குனிந்தார்கள். அதே பேன் கடித்து, பெயர் எங்கும் பதியப்படாமல் இறந்த லடாக்கியர் எத்தனை பேர்? மருத்துவரின் கல்லறையில் ஆண்டு பொறித்திருக்கிறது. அந்த ஆண்டை வைத்துக்கொண்டு ஊரில் பரவிய நோயின் அளவைத் தேடுவது நமக்குக் காத்திருக்கும் வேலை.

கண்புரை அறுவையைப் பற்றி ஒரு சொல். உயரத்தின் வெயிலும் வெண்பனியின் கூச்சமும் வீட்டுக்குள் சூழும் புகையும் சேர்ந்து அந்தப் பகுதியில் கண் நோயைப் பெருக்கின. கண்ணை மரக்கச் செய்ய கொகெயின் சொட்டு மருந்து பயன்படும் என்று வியன்னாவில் கார்ல் கோலர் காட்டியது 1884இல். மருத்துவ மிஷன்கள் இமயத்தில் வேரூன்றிய காலமும் கண் அறுவை எளிதான காலமும் ஒன்றாக அமைந்தன. காய்ச்சல் தானாகத் தணிந்தாலும் தணியும். அது மருந்தின் வேலையா, தெய்வத்தின் வேலையா, ஆம்ச்சியின் கஷாயமா என்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. கையைப் பிடித்து அழைத்து வரப்பட்ட கிழவி கட்டு அவிழ்த்த பிறகு தானே நடந்து வீடு போனால் அதில் வாதத்துக்கு இடமில்லை. அந்தச் செய்தி கிராமம் கிராமமாகப் பரவும். எந்தப் பிரசங்கமும் செய்யாத பெயரை அந்தக் கத்தி மிஷனுக்கு வாங்கிக் கொடுத்தது.

ஆம்ச்சி என்று சொன்னேன். திபெத்திய மரபு மருத்துவரை லடாக்கில் அப்படித்தான் அழைப்பார்கள். பல ஊர்களில் அது தகப்பன் வழியாக மகனுக்கு வரும் கலை. நாடி பார்த்து, சிறுநீர் பார்த்து நோய் கணிப்பார்கள். மிஷன் எழுத்துகளில் ஆம்ச்சிக்குப் பெரும்பாலும் மூடநம்பிக்கைக்காரர் வேடம்தான் கிடைத்தது. இதை ஏற்கத் தயங்குபவர்கள் மிஷனுக்குள்ளேயே இருந்தார்கள் என்று நினைக்கிறேன். கேலாங்கில் இருந்த மொரேவிய மிஷனரி யேஷ்கேயின் திபெத்திய–ஆங்கில அகராதி 1881இல் வெளிவந்தது. அதன் சான்று நூல்களில் திபெத்திய மருத்துவ நூல்களும் இருக்கின்றன. உடல் உறுப்புகளுக்கும் நோய்களுக்கும் மூலிகைகளுக்கும் சொல் திரட்ட அவர் அந்த நூல்களுக்குள் போயிருக்கிறார். நம்முடைய சித்த மருத்துவத்தைப் போலவே இந்த மரபும் அரசு ஏற்புக்காக நெடுங்காலம் காத்திருந்தது. 2010இல்தான் இந்திய அரசு ஸோவா ரிக்பா எனப்படும் இந்த மரபைச் சட்டப்படி ஒரு மருத்துவ முறையாக ஏற்றது.

இனி, உடன் நின்ற கைகள். நோயாளியின் மொழியை மருத்துவருக்குச் சொன்னவர், கட்டுப் போட்டவர், மருந்து கலக்கிய கம்பவுண்டர், பெண்கள் அறைக்குள் போக முடிந்த பெண் உதவியாளர். இவர்களைத் தேடினால் அறிக்கைகளில் ‘உள்ளூர் உதவியாளர்’ என்ற ஒரே சொல் கிடைக்கும். குமாவூன் எல்லையில், நேபாளமும் திபெத்தும் சேரும் இடத்துக்கு அருகில் உள்ள தார்ச்சூலாப் பகுதியில், அமெரிக்க மெத்தடிஸ்ட் மருத்துவர் மார்த்தா ஷெல்டன் 1912இல் இறக்கும் வரை உழைத்தார். அதே மிஷனில் ஹர்குவா வில்சன் என்ற இந்திய மருத்துவர் இருந்தார். அவர் பெயர் நமக்கு எப்படித் தெரியும்? 1897இல் திபெத்துக்குள் நுழைந்து பிடிபட்டு வதைபட்ட ஆங்கிலப் பயணி சேவேஜ் லேண்டரின் காயங்களைப் பார்த்து அவர் சான்று எழுதினார். அது லேண்டரின் நூலில் அச்சேறியது. அவர் பார்த்த எல்லைக் கிராமத்து நோயாளிகளின் பெயரால் அவர் நினைக்கப்படவில்லை. இது எனக்கு வருத்தம் தருகிறது. வருத்தத்தோடு நிற்காமல் அவரைப் போன்ற இன்னும் எத்தனை பேரைக் கண்டெடுக்கலாம் என்று தேட வேண்டும்.

இந்த அவையில் விசுவாசிகளும் இருக்கிறீர்கள், விமர்சகர்களும் இருக்கிறீர்கள். எனவே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வெளிநோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் மருந்துக்கு முன் வேதம் வாசிப்பது மிஷன் மருத்துவமனைகளில் பொதுவான வழக்கம். வலியோடு வந்தவர் எழுந்து போகும் சுதந்திரம் உள்ள கேட்பாளர் அல்லர். அந்த வழக்கத்தை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். லேவில் பல பத்தாண்டுகள் பணி நடந்த பின்னும் கிறித்தவ சமூகம் மிகச் சிறியதாகவே இருந்தது. பௌத்தரும் முஸ்லிமும் வந்தார்கள், கேட்டார்கள், மருந்தை வாங்கிக்கொண்டு தங்கள் சமயத்தோடு வீடு திரும்பினார்கள். மிஷன் தலைமையகம் இதைத் தோல்வி என்று கருதிய காலம் உண்டு. ஆனாலும் மருத்துவர்கள் ஊரை விட்டுப் போகவில்லை. கணவனும் மனைவியுமான ஹீபர் மருத்துவர்கள் போன்றவர்கள் அடுத்தடுத்து வந்துகொண்டே இருந்தார்கள். மதம் மாறாதவருக்கும் அதே கத்தி, அதே கவனம். அந்தப் பணியில் நான் மதிப்பது இதைத்தான்.

ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். மொரேவியச் சபையின் ஹெர்ன்ஹூட் ஆவணக் காப்பகத்துக்கும் லண்டன் அறிக்கைகளுக்கும் போங்கள், கட்டாயம் போக வேண்டும். கூடவே லேவுக்கும் லடாக்கின் கலாட்ஸேவுக்கும் கேலாங்குக்கும் பூவுக்கும் போங்கள். 2020இல் அடல் சுரங்கம் திறந்தபின் கேலாங் குளிர்காலத்திலும் எட்டும் ஊராகிவிட்டது. ஹெய்டேயின் மனைவி மேரியா கற்றுக்கொடுத்த பின்னல் வேலையை லாஹௌல் பெண்கள் இன்றும் செய்கிறார்கள். அந்த வீடுகளில் பாட்டிகளிடம் பேசுங்கள். பழைய குழுப் படங்களில் வெள்ளை மருத்துவருக்குப் பின்வரிசையில் நிற்பவர்களைச் சுட்டிக்காட்டிப் பெயர் கேளுங்கள். பேரப் பிள்ளைகள் இருக்கும்போதே அதைக் கேட்டுவிட வேண்டும்.

முதல் அமர்வில் ஆம்ச்சிகளுக்கும் மிஷன் மருத்துவர்களுக்கும் இடையிலான உறவைப் பற்றிய கட்டுரைகள் வாசிக்கப்பட இருக்கின்றன. கட்டுரையாளர்கள் மேடைக்கு வரலாம்.