பில் எழுதக் கற்றோம்

(தலித் கலைஞர்களும் மாணவர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஓவியத்தைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் கூப்பிட்டாங்க. நான் காசைப் பற்றிப் பேசப் போகிறேன். நம்ம கூட்டங்களில் கவிதை பேசுவோம், அழகியல் பேசுவோம். படம் போட்டதுக்குப் பணம் வந்துச்சா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

எங்கப்பா பறையடித்தவர். ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் ஆள் வரும், போயாக வேண்டும். இவ்வளவு கூலி என்று பேச முடியாது. களத்தில் அவங்க அளந்து போட்டதுதான் நெல்லு. மராட்டியத்தில் மகர்களைப் பிடித்திருந்த வதன் முறையும் இதே ஜாதிதான்: பரம்பரை ஊழியம், அற்ப மானியம். அதை எதிர்த்து அண்ணல் அம்பேத்கர் 1928இல் பம்பாய் சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார்.

நான் பறைக்குப் பதிலாகத் தூரிகையைப் பிடித்தேன். புத்தக அட்டை, சுவரொட்டி, விளம்பரப் படம். மாதச் சம்பளம் கிடையாது. ஆர்டர் வந்தால் வேலை. ஆனால் பழைய பயம் போகலே. 10,000 ரூபாய்க்குப் பேசிய வேலைக்கு 9,000 வரும். நடுவில் எவனோ கமிஷன் அடிக்கிறான்னு நினைத்தேன். கேட்டால் அடுத்த வேலை வராது. ஆறு வருஷம் வாயைத் திறக்கலே.

எங்க பகுதி மாலைப் பள்ளியில் பாடம் சொல்லித்தரும் பி.காம். படித்த தங்கச்சி ஒருத்திதான் வருமான வரி இணையதளத்தில் என் கணக்கைத் திறந்து பார்த்தாள். "அண்ணே, இது கமிஷன் இல்லே. உங்க பேர்ல கட்டின வரி. கணக்குத் தாக்கல் பண்ணியிருந்தா முழுசாத் திரும்பி வந்திருக்கும்" என்றாள்.

விஷயம் இதுதான். தொழில்முறைக் கட்டணம் கொடுக்கும் கம்பெனி 10 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். 2025–26 நிதியாண்டில், வருஷத்துக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் இந்தப் பிடித்தம். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம். அதே ஆண்டில் புதிய வரி முறைப்படி 12 லட்சம் வரை நிகர வருமானத்துக்கு வரியே இல்லை. வண்ணம், பயணம், கம்ப்யூட்டர் தேய்மானம் எல்லாம் கழித்தபிறகு வருவதுதான் நிகரம். நம்மில் எத்தனை பேர் அந்த வரம்பைத் தொடுகிறோம்? பிடித்த காசு நம்ம காசு. தாக்கல் செய்யாதவனுக்கு அது வராது. நான் கெடு தாண்டிய வருஷங்களுக்குத் தாமதத்தைப் பொறுக்கச் சொல்லி மனுப்போட்டு அலைகிறேன்.

சேரிக்காரன் வரி கட்டுறானா என்று கேட்கிறவன் இருக்கிறான். 2017 ஜூலை முதல் சோப்பு வாங்கினாலும் வண்ண டியூப் வாங்கினாலும் ஜி.எஸ்.டி. கட்டித்தான் வாங்குகிறோம். அதற்கு மேல், கட்டத் தேவையில்லாத வருமான வரியையும் விட்டுக்கொடுத்து வந்திருக்கிறோம்.

மற்றவர் வீட்டில் ஆடிட்டர் மாமா இருப்பார், வக்கீல் சித்தப்பா இருப்பார். நமக்கு அந்த மாமா இல்லை. நாமதான் ஒருத்தருக்கொருத்தர் மாமாவாக வேண்டும். எங்க பகுதியில் பதினோரு பேர் சேர்ந்தோம்: ஓவியர், போட்டோகிராபர், பறைக்குழுத் தம்பிகள். மாதம் ஒரு ஞாயிறு. ஆளுக்கு ஒரு நோட்டு. வந்தது, செலவானது, வர வேண்டியது. தலைக்கு 100 ரூபாய் பொதுப்பணம்; வேலை இல்லாத மாதம் அதிலிருந்து வட்டியில்லாக் கடன். பறைக்குழுத் தம்பிகளை நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிய வைத்தோம். மற்றவர்கள் உத்யம் பதிவு எடுத்தோம். அதற்குக் காசு கிடையாது. 2006ஆம் ஆண்டு சிறுதொழில் சட்டப்படி, பதிந்தவருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும்; தாண்டினால் வட்டியோடு.

முதல் முறை பில்லில் "45 நாள்" என்று எழுதியபோது கை நடுங்கிச்சு. ஒரு கம்பெனி அதோடு கூப்பிடுவதை நிறுத்திவிட்டது. மற்ற மூன்று இடங்களில் காசு நேரத்துக்கு வருது.

மாணவத் தோழர்களே, அண்ணல் மாகாண நிதி பற்றி எழுதிய ஆய்வு 1925இல் நூலாக வந்தது. வரிக்கணக்கு நமக்குச் சம்பந்தமில்லாத சங்கதி என்று அவர் ஒதுங்கவில்லை. வணிகவியலும் சட்டமும் படிக்கிறவங்க உங்க தெருவுக்கு மாதம் ஒரு ஞாயிறு கொடுங்க. மேளக்காரர், ஓவியர், தையல்காரர் வீட்டுக்குப் போய், பான் அட்டை இருக்கா, பில் எழுதறீங்களா, பிடித்த பணத்தைக் கேட்டீங்களா என்று கேளுங்க.

எங்கப்பாவிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

ஜெய்பீம்.