முதலில் யோக்கியதையா? முதலில் உரிமையா?

(கீழ்பென்னாத்தூர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இக்கூட்டத்தில் ஊர்த்தெருவிலிருந்து வந்தவர்களும் காலனியிலிருந்து வந்தவர்களும் கலந்து உட்கார்ந்திருக்கின்றீர்கள். ஆகவே நாம் சொல்லப்போவது இரு சாராருக்கும் கொஞ்சம் கசக்கும். விஷயம் என்னவென்றால், தாழ்த்தப்பட்ட மக்களின் இழிநிலைக்கு யார் பொறுப்பாளி என்பதேயாகும்.

ஒரு கூட்டத்தார், "இவர்கள் முதலில் குடியை விடட்டும், சுத்தமாயிருக்கட்டும், படிக்கட்டும், பிறகு உரிமை கேட்கட்டும்" என்கிறார்கள். மற்றொரு கூட்டத்தார், "எல்லாம் மேல்ஜாதிக்காரன் செய்த கொடுமை, நாம் செய்யவேண்டியது ஒன்றுமில்லை" என்கிறார்கள். முந்தியது பெரும் புரட்டு. பிந்தியது ஏமாளித்தனம்.

கிணற்றண்டை வராதே என்று விரட்டிவிட்டு, "நீ ஏன் குளிக்கவில்லை?" என்று கேட்பது எந்த ஊர் நியாயம்? குடித்துவிட்டு வரும் மேல்ஜாதிக்காரனைக் "குடியை விட்டுவிட்டு வா" என்று எந்தக் கோவிலிலாவது காலமெல்லாம் தள்ளிவைத்ததுண்டா? அழுக்குத்தான் காரணமென்றால், பட்டம் பெற்று, வெள்ளை வேஷ்டி கட்டி, மாதச் சம்பளம் வாங்கும் ஆதிதிராவிடரிடம் வீட்டுக்காரர் ஜாதியை விசாரித்துக்கொண்டு வீடு இல்லையென்பானேன்?

இந்தப் புரட்டு நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தமல்ல. அமெரிக்காவில் அடிமைமுறை 1865-ல் சட்டப்படி ஒழிந்தது. 1895-ல் புக்கர் வாஷிங்டன் என்ற கறுப்பினத் தலைவர் அட்லாண்டா நகரில் பேசுகையில், நம்மவர் முதலில் தொழில் கற்று முன்னேறுவோம், சம உரிமைக் கிளர்ச்சிக்கு இப்போது அவசரமில்லை என்ற கருத்தைச் சொன்னார். வெள்ளையர்கள் மிகவும் மெச்சினார்கள். அடுத்த ஆண்டே, 1896-ல், அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ரயிலில் கறுப்பரைத் தனி வண்டியில் உட்காரவைப்பது சட்டப்படி சரியென்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. பொறுமைக்குக் கிடைத்த கூலி அதுதான்! டூ பாய்ஸ் என்ற மற்றொரு கறுப்பினத் தலைவர் 1903-ல் புத்தகம் எழுதி வாஷிங்டனை மறுத்தார். ஓட்டும் உயர்ந்த படிப்பும் இல்லாதவன் தேடிய சொத்தைக்கூட எப்படிக் காப்பாற்றுவான் என்பது அவர் வாதம்.

அப்படியானால் தாழ்த்தப்பட்டவர்கள் தாமே செய்துகொள்ள வேண்டியது ஒன்றுமில்லையா? உண்டு. அதற்கு வழி காட்டியவர் அம்பேத்கர். 1927 மார்ச்சில் மகாத்தில் கூடிய மக்களிடம், செத்த மாட்டிறைச்சியை விடுங்கள், எச்சில் சோற்றுக்குக் கையேந்தாதீர்கள் என்று கண்டித்துச் சொன்னார். ஆனால், "இவற்றை விட்ட பிறகு குளத்துக்குப் போகலாம்" என்றா சொன்னார்? இல்லை. 20-ந் தேதி அவர்களை அழைத்துக்கொண்டுபோய்ச் சவுதார் குளத்தில் தண்ணீர் குடித்தார். திருத்தமும் உரிமையும் ஒரே மாநாட்டில் நடந்தன. ஒன்றுக்காக மற்றொன்றை நிறுத்திவைக்கவில்லை. இதுவே நமது அபிப்பிராயமும் ஆகும். யோக்கியதை என்பது உரிமைக்குக் கொடுக்கும் விலையல்ல. உரிமைக்குப் போராடுகிறவனுக்கு வேண்டிய பலமாகும்.

இனி ஊர்த்தெருத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. பொதுத்தெருவும் பொதுக்கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் சென்னைச் சட்டசபையில் 1924-லேயே நிறைவேறியது. 1950-ல் அரசியல் சட்டமே தீண்டாமையை ஒழித்தது. அதற்கப்புறமும் நம் திருவண்ணாமலை ஜில்லாத் தென்முடியனூரில் ஆதிதிராவிடர்கள் மாரியம்மன் கோவிலுக்குள் நுழைய 2023 ஜனவரி 30 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதுவும் கலெக்டரும் போலீசும் கூடநின்று அழைத்துப் போகவேண்டியிருந்தது. உள்ளே இருப்பது கல்தான். ஆனால் வெளியே நிறுத்தப்பட்டவர் மனிதர். தடுத்தவர்கள் பார்ப்பனர்களா? இல்லை. பார்ப்பனரல்லாத நம் ஜாதிகளேதான்! மேலேயிருப்பவன் நம்மைச் சூத்திரன் என்றால் ரோஷம் வருகிறது. நமக்குக் கீழே ஒருவன் இல்லாவிட்டாலோ தூக்கம் வருவதில்லை. தீபத்தன்று லட்சம் பேரோடு தோள் உரச மலையைச் சுற்றிவருகிறீர்கள். அங்கே பக்கத்தில் நடப்பவனை ஜாதி கேட்காதவர்கள், ஊருக்குத் திரும்பியதும் கேட்பானேன்?

காலனித் தோழர்களே! உங்களுக்கும் ஒரு வார்த்தை. மதுரை ஜில்லா சந்தையூரில் 2018-ல் ஒரு சுவரைத் தீண்டாமைச் சுவர் என்று சொல்லி அருந்ததியர்கள் போராடினார்கள். அதைக் கட்டியவர்களோ தாழ்த்தப்பட்டோரிலேயே மற்றொரு ஜாதியார். அடிபட்டவனுக்கு அடியின் வலி தெரியும். தெரிந்தும் அடிப்பானேயானால் அவனுக்காக யார் பரிந்துபேசுவது? கூலிப் பணத்தை மதுக்கடையில் கொட்டுவதும், பெண்பிள்ளையின் படிப்பைப் பாதியில் நிறுத்துவதும் உங்களைத் தாழ்த்தினவனுக்கு நீங்களே செய்யும் கைங்கரியமல்லவா? இதை நாம் குற்றமாகச் சொல்லவில்லை. நீங்கள் இதைத் திருத்திக்கொள்ளும் வரையில் உங்கள் உரிமையை ஒருநாள்கூட ஒத்திவைக்க எவனுக்கும் அதிகாரமில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுகின்றோம்.

ஆகவே தோழர்களே! கேட்டுக் கைதட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். தாழ்த்தப்பட்டவர்கள் தம்மிலும் தாழ்ந்தவர் என்று எவரையும் கருதாமலிருக்கட்டும். மற்றவர்கள், அவர்கள் திருந்தட்டும் என்று காத்திராமல், தாங்கள் அடைத்த கதவைத் தாங்களே திறக்கட்டும். யார் முதலில் என்று கேட்கவேண்டாம். பூட்டினவன் கையில்தான் சாவி இருக்கிறது, அவனே முதலில்!