தகுதி உதவித்தொகையும் சிறப்புப் பட்டமும்

 

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள் சாத்திர தானத்தின் இன்றைய வடிவமே கல்வி உதவி. வந்தவாசி, ஆரணி, செஞ்சி வட்டாரங்களில் உழவை நம்பி வாழும் சமணக் குடும்பங்களின் பிள்ளைகளும் இன்று தனியார் பல்கலைக்கழகங்களை நாடுகின்றனர். அங்கே தகுதிக்குச் சலுகை உண்டு. அதன் அளவை முன்னரே அறிதல் வேண்டும்.

வேலூர் வி.ஐ.டி.யில் நுழைவுத் தேர்வின் முதல் 10 இடத்தினர்க்கு 75 விழுக்காடும், 11 முதல் 50 வரையினர்க்கு 50 விழுக்காடும் சலுகை அறிவிக்கப்பட்டு வந்துள்ளது. ஆனால் அது கல்விக் கட்டணத்தில் மட்டுமே. விடுதியும் உணவும் தனிச் செலவு. 'பாதிக் கட்டணம்' என்ற சொல்லை மட்டும் நம்பி நிலத்தை அடகு வைப்போர் இதனை மறந்துவிடுகின்றனர். மாறாக, அரசுப் பள்ளியில் பயின்ற ஊரக மாணவர்க்கான அங்குள்ள 'ஸ்டார்ஸ்' திட்டத்தில் விடுதியும் உணவும் அடங்கும். அரசுப் பள்ளி என்று தயங்கும் பெற்றோர் இதனைக் கருதுவாராக.

ஹானர்ஸ் எனப்படும் சிறப்புப் பட்டமோ பரிசன்று, கூடுதல் உழைப்பு. தொழில்நுட்பக் கல்விக் குழுவின் 2018ஆம் ஆண்டு மாதிரிப் பாடத்திட்டப்படி பி.டெக். பட்டத்துக்கு 160 மதிப்பலகுகள். ஹானர்ஸ் பெற மேலும் 20. கலை, அறிவியலில் ஆய்வுடன் கூடிய ஹானர்ஸ் பயில, முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு தேவை.

சேர்க்கைக்கு முன் இரண்டைக் கேட்டு எழுத்தில் பெறுக: உதவித்தொகை ஆண்டுதோறும் தொடர எத்தனை மதிப்பெண் வேண்டும்? கிழங்கு நீக்கிய உணவு, பொழுது சாயுமுன் விடுதியில் கிடைக்குமா?