நிலமும் செடியும் விண்கோளும்

(வெள்ளி விழா அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அறிவியல் பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் எங்களைப் பணித்தனர். எட்டாத செய்தியைக் கூறி வியப்பூட்டுவதைவிட, நம் காலடியில் கிடக்கும் மண்ணைப் பற்றிப் பேசுவதே பயனுடையது எனக் கருதினோம். விண்ணில் சுழலும் செயற்கைக்கோள், நிலத்தின் மேல் தெரியும் பாறையையும் அதன்மேல் வளரும் செடிகொடிகளையும் ஒருங்கே எவ்வாறு காண்கின்றது? அக்காட்சியால் விருதுநகர் மாவட்டத்து உழைக்கும் மக்களுக்கு என்ன பயன்? இவ்விரு வினாக்களே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

பாறைக்கும் செடிக்கும் உறவுண்டு என்பது புதிய கண்டுபிடிப்பன்று. தமிழர் நிலத்தை ஐந்தாகப் பகுத்தபோது குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று தாவரங்களின் பெயர்களையே சூட்டினர். ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரர், இன்னின்ன மரமும் இன்னின்ன புற்றும் நிலத்தடி நீர் இருக்குமிடத்தைக் காட்டும் என்று தம் பிருகத் சம்கிதையில் ஓர் இயலே வகுத்தார். ஏட்டில் எழுதாவிடினும், ஆடு மேய்த்தும் விறகு பொறுக்கியும் மூலிகை பறித்தும் வாழ்ந்த நம் முன்னோர் இவ்வுறவைத் தம் கால்களால் அறிந்திருந்தனர்.

இவ்வுறவைக் கற்பதற்கு நம் மாவட்டமே ஒரு திறந்த பாடநூல். மேற்கே திருவில்லிபுத்தூர், இராசபாளையம் பக்கத்து மலைகள் சார்னோக்கைட்டு, நைசு எனப்படும் மிகப் பழம்பாறைகளால் ஆனவை. அவற்றின் அடிவாரத்தில் செம்மண் நிலம் பரவியுள்ளது. அதனை நாம் செவல் என்கின்றோம். கிழக்கே சாத்தூர், விருதுநகர், அருப்புக்கோட்டை வட்டாரங்களில் கரிசல் விரிந்து கிடக்கின்றது. அருப்புக்கோட்டையை அடுத்த பந்தல்குடிப் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் தலைகாட்டுகின்றது. சிமெண்ட் ஆலைக்காக அது தோண்டப்படுகின்றது.

செவலில் பெய்த நீர் விரைந்து கீழிறங்கும். கரிசலின் களிமண்ணோ நீரைக் குடித்து உப்பும். கோடையில் காய்ந்து பிளக்கும். பிளவில் அகப்பட்ட வேர்களையும் அறுக்கும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச் சத்தும் மணிச்சத்தும் செடிக்கு எளிதில் கிட்டுவதில்லை. ஆதலின் ஒவ்வொரு நிலமும் தனக்கேற்ற செடிகளையே தாங்குகின்றது. கரிசலில் பருத்தியும் மல்லியும் மிளகாயும் விளைய, செவலில் நிலக்கடலை விளைகின்றது. விதைக்காமல் முளைப்பவற்றிலும் இதே வேறுபாடு உண்டு. கரிசலில் கருவேல் ஓங்கும். செவலில் ஆவாரையும் கொழுஞ்சியும் தழைக்கும். கற்பாறைச் சரிவுகளில் உசிலும் விராலியும் பிரண்டையும் பற்றிப் படரும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இப்பகுதி அமைந்துள்ளது. அவ்வறட்சியே தீப்பெட்டித் தொழிலுக்கும் பட்டாசுத் தொழிலுக்கும் சிவகாசியில் இடமளித்தது. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர் என்பதை நாம் அறிவோம். முள்மரங்களையும் வெடித்தொழிலையும் ஒருங்கே வளர்த்தது ஒரே வறண்ட வானம்தான்.

இனி, விண்கோள் காணும் முறையைக் கூறுவோம். பச்சிலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்கின்றது. கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை வலிமையாகத் திருப்பியனுப்புகின்றது. 1970இல் பிஷாரடி என்னும் அறிவியலாளர் தலைமையில், கேரளத்தில் வாடல் நோய் கண்ட தென்னந்தோப்புகளை அகச்சிவப்புப் படச்சுருளில் வானிலிருந்து படமெடுத்தனர். நம் நாட்டில் தொலையுணர்வுக் கலை தொடங்கியது அப்பணியிலேயே. பாறைக்கும் மண்ணுக்கும் இத்தகைய அடையாளங்கள் உண்டு. இரும்பு கலந்த செம்மண் 0.9 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டியும், களிமண் 2.2 மைக்ரோமீட்டரை ஒட்டியும், சுண்ணாம்புக்கல் 2.3 மைக்ரோமீட்டரைச் சற்றே தாண்டியும் ஒளியை விழுங்குகின்றன. எவ்வொளி திரும்பி வந்தது, எவ்வொளி வரவில்லை என்று கணக்கிட்டால், கீழே கிடப்பது இன்னதென்று ஓரளவு உணரலாம்.

1972இல் அமெரிக்கா ஏவிய முதல் லேண்ட்சாட் கோளின் படத்தில் ஒரு புள்ளி ஏறத்தாழ 80 மீட்டர் நிலத்தைக் குறித்தது. 1982இல் ஏவப்பட்ட நான்காம் லேண்ட்சாட்டில், நிலவியலாரின் வேண்டுகோளை ஏற்று 2.2 மைக்ரோமீட்டர் ஒளியைக் காணும் வரிசை சேர்க்கப்பட்டது. 1988இல் நம் நாட்டின் ஐ.ஆர்.எஸ். 1ஏ விண்ணேறியது. 2015 முதல் ஐரோப்பியரின் சென்டினல்-2 கோள்கள் 10 மீட்டர் நுணுக்கத்தில் படமளிக்கின்றன. லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் எவர்க்கும் இலவசம். சென்டினல் படங்களும் அவ்வாறே. முன்னர் பெரும் நிறுவனங்களுக்கு மட்டுமே கிடைத்த இப்பொருள், இன்று ஒரு கணிப்பொறியும் இணைய இணைப்பும் உள்ள மாணவருக்குக் கிடைக்கின்றது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கருத வேண்டும். சமவெளியில் செடிகள் அடர்த்தியற்றுக் கிடப்பதால், கோடையில் மண்ணும் பாறையும் வானுக்குத் திறந்து தெரிகின்றன. அங்கே நிலத்தைக் கண்டு, இங்கு இன்ன செடி வளரக்கூடும் என்று ஊகிக்கின்றோம். மலையிலோ மரக்கவிகை பாறையை மூடிவிடுகின்றது. அங்கே மரங்களின் நிறமாற்றத்தையும் இலையுதிர் காலத்தையும் கண்டு, கீழேயுள்ள பாறையும் மண்ணின் ஆழமும் எவ்வாறிருக்கும் என்று ஊகிக்க வேண்டும். சமவெளியில் பாறை செடியைச் சொல்லும். மலையில் செடி பாறையைச் சொல்லும். இவ்விரண்டையும் ஒரே மாவட்டத்தில் கற்கும் வாய்ப்பு நமக்கு உண்டு.

ஆயினும் இளைஞர்கள் ஒன்றை மறத்தலாகாது: பசுமை வேறு, பன்மை வேறு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நாட்டிற்குக் கொணரப்பட்ட சீமைக் கருவேல் இன்று நம் கண்மாய்களையும் கரிசலையும் மூடியுள்ளது. கோடையிலும் அது இலையுதிர்ப்பதில்லை. ஆகவே விண்கோள் படத்தில் செழித்த சோலைபோல் ஒளிர்கின்றது. அதனுள்ளே சென்று பார்த்தால், ஒரே மரம் மீண்டும் மீண்டும் நிற்கும். அருகிலுள்ள கற்பாறை மேடோ கோடைப் படத்தில் வெறும் பழுப்பாய்த் தெரியும். மழைக்குப்பின் நடந்து சென்று எண்ணினால், புல்லும் பூண்டும் கொடியும் மூலிகையுமாகப் பல இனங்களை அங்கே காணலாம். விண்கோள் நிறத்தைக் காணும், பெயரை அறியாது. பெயரை அறிய மனிதரின் கால்கள் வேண்டும்.

ஆகவே ஆராய்ச்சி முறை இவ்வாறு அமைதல் வேண்டும். முதலில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பாறை வரைபடத்தை எடுத்துக்கொள்க. அதன்மேல், வடகிழக்குப் பருவமழை முடிந்த சனவரிப் படத்தையும் மே மாதக் கோடைப் படத்தையும் பொருத்துக. இரண்டிலும் பச்சையாய் இருப்பது எது, மழைக்குப்பின் மட்டும் பசுமையாவது எது என்று பிரித்துக்கொள்க. பின்னர் ஒவ்வொரு பாறை வகையிலும் ஒரே அளவுள்ள சில பாத்திகளைக் குறித்து, அங்குச் சென்று செடியினங்களை எண்ணுக. மழையளவும் சரிவும் மேய்ச்சலும் ஒத்திருக்கும் இடங்களையே ஒப்பிடுதல் வேண்டும். அன்றேல் ஆடு மேய்ந்ததன் விளைவைப் பாறையின் விளைவாகக் கொண்டுவிடுவோம். முதல் லேண்ட்சாட் கோள் ஏவப்படுமுன்பே, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் 1961இல் வெளியிட்ட குமரிமுனை வரைபடத் தாளில், தென்னாட்டுத் தாவரங்களை மண்ணோடும் மழையோடும் இணைத்துக் காட்டினர். அவர்கள் வழியில் இன்று நாம் விரைந்து செல்லலாம்.

இது கல்லூரி ஆய்வாளரின் வேலை. நமக்கு ஏன் என்று சிலர் கேட்கக்கூடும். அதற்கு விடை கூறுவோம். 2000ஆம் ஆண்டில் ஐதராபாத்துத் தொலையுணர்வு நிறுவனமும் நடுவண் அரசின் ஊரக வளர்ச்சி அமைச்சகமும் இணைந்து இந்தியத் தரிசு நில வரைபட நூலை வெளியிட்டன. விண்கோள் படங்களைக் கொண்டு ஆக்கிய அந்நூலில் புதர் நிலமும் தரிசில் ஒரு வகையாக வைக்கப்பட்டது. நம் ஆடுகள் மேயும் இடமும், நம் தாய்மார்கள் விறகும் மூலிகையும் கொள்ளும் இடமும் பெரும்பாலும் அப்புதர் நிலமே. தரிசு என்று பெயர் பெற்ற நிலத்தைக் கல்குவாரிக்கோ பட்டாசு ஆலைக்கோ கேட்பவர்க்குத் தடை குறைவு. பெயர் சூட்டுவோர் எவரோ அவரே நிலத்தின் விதியை எழுதுகின்றனர்.

நம் வரலாறு இதற்குச் சான்று. செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையை அடுத்து, 1892இல் ஒடுக்கப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களும் பெரும்பாலும் தரிசு எனப்பட்டவையே. அந்நிலங்களும் பல இடங்களில் நம் கையைவிட்டுப் போயின. தன் நிலத்தின் மண்ணையும் செடியையும் எல்லையையும் ஆவணமாக எழுதிவைக்காத சமுதாயம், பிறர் எழுதிய ஆவணத்திற்குக் கட்டுப்பட நேர்கின்றது.

எழுத்தும் ஆராய்ச்சியும் நமக்கு அந்நியமல்ல. பண்டிதர் அயோத்திதாசர் சித்த மருத்துவராக மூலிகைகளை அறிந்தவர். 1907இல் இதழ் தொடங்கி எழுத்தாலும் போராடியவர். அண்ணல் அம்பேத்கர் 1918இலேயே இந்தியாவின் சிறு நிலவுடைமைகளைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார். செடியறிவும் நில அறிவும் நமக்கு மரபாகவே வந்தவை; அவற்றோடு புதிய கருவியறிவைச் சேர்ப்பதே இத்தலைமுறையின் கடமை.

சட்டமும் இதற்கு ஒரு கதவைத் திறந்துள்ளது. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம், ஒவ்வொரு உள்ளாட்சியும் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும் என்கின்றது. ஊரின் உயிரினங்களையும் அவை பற்றிய மக்கள் அறிவையும் அக்குழு பதிவேட்டில் எழுதுதல் வேண்டும். 2004ஆம் ஆண்டு விதிகள் அக்குழுவில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கும், 18 விழுக்காட்டுக்குக் குறையாமல் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் இடம் வகுத்தன. 2023இல் சட்டம் திருத்தப்பட்டுக் குழு அமைக்கும் முறை மாறியபோதும், பதிவேடு எழுதும் கடமை நீங்கவில்லை. நம் ஊர்ப் பதிவேடு எழுதப்பட்டதா, எழுதியவர் யார், நம் பாட்டிமார் அறிந்த செடிகள் அதில் உள்ளனவா என்று ஊராட்சியில் கேட்கும் உரிமை நமக்குண்டு.

2021 பிப்ரவரி 12ஆம் நாள், சாத்தூரை அடுத்த அச்சங்குளத்துப் பட்டாசு ஆலை வெடி விபத்தில் 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். விடியற்காலையில் ஆலை வண்டியேறும் பிள்ளைகளுக்கு வேறு கதவுகளைத் திறப்பதே கல்விச் சங்கத்தின் பணி. படம் படிப்பதும், வரைபடம் வரைவதும், செடியின் பெயரறிந்து எழுதுவதும் அத்தகைய கதவுகளே.

ஆதலின் சங்கத்தார் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றோம். அடுத்த மழைக்குப்பின் ஒரே ஒரு ஊரை எடுத்துக்கொள்வோம். அதன் விண்கோள் படத்தை மாணவர்கள் கணிப்பொறியில் விரிக்கட்டும். முதியோரும் தாய்மார்களும் அவர்களோடு நிலத்தில் நடந்து செடிகளின் பெயரைச் சொல்லட்டும். சொன்னவர் பெயரோடு அது எழுதப்படட்டும். அவர்களுடைய நேரத்திற்கும் அறிவிற்கும் கூலி கொடுப்போம். அவ்வாறு எழுதிய முதல் வரைபடம், இச்சங்கம் நம் ஊருக்கு அளிக்கும் நிலையான செல்வமாகும்.