பழுதை நிரூபிக்க வேண்டியவர் யார்?



பல்லாண்டு காலம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தோடு வங்கிக் கடனையும் கூட்டி, நல்ல நாள் பார்த்து, மாலை சூட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து வீட்டுக்கு ஓட்டி வந்த புதுக் கார், மாதம் ஒன்று முடிவதற்குள் மேட்டில் ஏறும்போது கியர் விழாமல் நடுவழியில் நின்றுவிடுமானால், அந்தக் குடும்பம் படும் மனவேதனையை நான் வர்ணிக்க வேண்டுவதில்லை. அதற்குப் பிறகு அவர்களுக்கு இழைக்கப்படும் அநீதியைப் பற்றியே பேச வந்திருக்கிறேன்.

சட்டமே இல்லாத தேசமல்ல நம்முடையது. 1986இல் பிறந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் இடத்தில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, 2020 ஜூலை முதல் அமுலில் இருக்கிறது. பழுதை நீக்கவும், பொருளை மாற்றித் தரவும், விலையை வட்டியோடு திருப்பிக் கொடுக்கவும், நஷ்ட ஈடு வழங்கவும் உத்தரவிடும் அதிகாரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு உண்டு. "வழக்குகள் சென்னை எல்லைக்கு உட்பட்டவை" என்று பில்லின் அடியில் அச்சிட்டிருந்தாலும், வாங்கியவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். காரின் விலை ஐந்து இலட்சத்துக்கு மேல் பத்து இலட்சம் வரை என்றால் கட்டணம் 200 ரூபாய்தான். இத்தனை வாசல்களைத் திறந்து வைத்த சட்டம், உள்ளே நுழைந்தவன் தலையில் ஒரு பெரும் பாரத்தையும் ஏற்றி வைத்திருக்கிறது: இது உற்பத்தியிலேயே நேர்ந்த குறை என்பதை வாங்கியவனே நிரூபிக்க வேண்டுமாம்!

அந்த நிரூபணம் எங்கே கை நழுவுகிறது தெரியுமா? சர்வீஸ் சென்டரின் முகப்பு மேஜையில்! "மூன்றாவது கியர் நழுவுகிறது" என்று நீங்கள் சொல்லுகிறீர்கள். எதிரே இருப்பவர் ஜாப் கார்டில் "பொதுப் பரிசோதனை" என்று எழுதுகிறார். மாலையில் சாவியை வாங்கும் அவசரத்தில், "வேலை திருப்தி" என்று அச்சிட்ட இடத்தில் கையெழுத்தும் போட்டுவிடுகிறீர்கள். நான்கு முறை போய் வந்த பிறகு ஆணையத்தின் முன் நிற்கும்போது, உங்கள் கையெழுத்தே உங்களுக்கு எதிரான சாட்சியாக எழுந்து நிற்கிறது. ஆகையால், குறையை உங்கள் சொற்களிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அன்றே கடிதமாக எழுதி அனுப்பி, பிரதியைப் பத்திரப்படுத்துங்கள்.

நிபுணரைக் கொண்டு சோதிக்கச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் அதற்கான கட்டணத்தை முறையிட்டவனிடமே கேட்கலாம். வாரண்டியின் வாசகமோ, பழுதான பாகத்தை மாற்றித் தருவதோடு நின்றுவிடுகிறது. அந்த வாசகத்தைக் கொண்டு காரையே மாற்றித் தரக் கோர முடியாது என்று ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. வாகனத்தின் வரைபடங்களும், ஆலையின் சோதனைக் குறிப்புகளும், காருக்குள்ளிருக்கும் கம்ப்யூட்டரின் கோளாறுப் பதிவுகளைப் படிக்கும் கருவியும் கம்பெனியாரின் வசமே இருக்க, பானட்டைத் திறந்து பார்த்தாலும் ஒன்றும் விளங்காத பள்ளி ஆசிரியர் ஒருவர் இன்ஜினின் பிறவிக் குற்றத்தை நிரூபிக்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

இங்கிலாந்தில் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறையுள்ள பொருளை முப்பது நாட்களுக்குள் நிராகரித்துப் பணத்தைத் திரும்பப் பெறலாம். ஆறு மாதத்துக்குள் குறை வெளிப்பட்டால், அது ஒப்படைத்த அன்றே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லையென்று காட்ட வேண்டியது விற்றவரின் கடமை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் பழுதுக் கார்களுக்கென்றே 1982இல் தனிச் சட்டம் இயற்றியது. கரடுமுரடாக ஓட்டிக் கெடுத்தவனும் பணம் கேட்பானே என்று இங்குள்ள வியாபாரிகள் ஆட்சேபிக்கிறார்கள். கேட்கட்டும்! ஓட்டியவன் கெடுத்தான் என்பதைக் காட்டுவதற்கு வேண்டிய சாதனங்கள் அத்தனையும் அவர்களிடந்தானே இருக்கின்றன?

முன்பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. புக்கிங் படிவத்தின் பின்புறத்தில், பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில், "முன்பணம் திருப்பித் தரப்படமாட்டாது" என்று போட்டுவிடுகிறார்கள். விற்பவருக்கு நேர்ந்த நஷ்டத்துக்குச் சற்றும் பொருந்தாத அபராதத்தை விதிக்கும் ஒப்பந்தம் நியாயமற்றது என்று 2019ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லுகிறது. ஆயினும், அந்த நிபந்தனையை நியாயமற்ற ஒப்பந்தம் என்று எதிர்க்க வேண்டுமானால் மாநில ஆணையத்துக்கே போக வேண்டும். இருபதாயிரம் ரூபாயை மீட்பதற்கு எளியவன் அவ்வளவு பெரிய படியை ஏறுவானா? இந்த அதிகாரம் மாவட்ட ஆணையத்துக்கும் வர வேண்டும்.

ஆதலால், புதிய வாகனத்தில் ஆறு மாதத்துக்குள் தோன்றும் பெருங்குறை உற்பத்திக் குறையாகவே கொள்ளப்பட வேண்டும், அன்றெனில் அதை நிரூபிக்கும் பொறுப்பு தயாரித்தவரையும் விற்றவரையுமே சார வேண்டும் என்று சட்டத்தைத் திருத்துமாறு மத்திய அரசாங்கத்தைக் கோரும் தீர்மானத்தை இந்தச் சபையின் முன் பிரேரேபிக்கிறேன்.