கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க!



‘அன்றாடப் பேச்சில் ஆங்கிலம் கலந்தால் தமிழுக்கு வளம்’ என்று எதிரணி நண்பர் முழங்கிவிட்டுப் போனார். நான் ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறேன். ‘அட்ஜஸ்ட்’!

புதுக்கோட்டையிலே அரிமளம் பஸ் ஏறுறோம். மூணு பேர் சீட்டு. நாலாவது ஆள் வந்து, ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க’ என்கிறார். அங்கே அதற்குப் பொருள், நகர்ந்து உட்காருங்கள். மளிகைக் கடையிலே பத்து ரூபாய் குறையுது. ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க’ன்னா, அடுத்த கணக்கிலே சேர்த்துக்கொள்ளுங்கள். சைக்கிள் பிரேக்கை அட்ஜஸ்ட் பண்ணினால் சரிசெய்தல். சாம்பாரில் கூடிப்போன உப்பை அம்மா அட்ஜஸ்ட் பண்ணினால் ஈடுகட்டுதல். மேசைக்கு அடியிலே கை நீண்டு, ‘அட்ஜஸ்ட் பண்ணிடலாம் சார்’ என்றால், அதற்குப் பொருள் நான் சொல்லவேண்டியதில்லை! (சிரிப்பு)

இது நமக்குப் புதிதல்ல. ஒரு பொருளுக்குப் பல சொல், பல பொருளுக்கு ஒரு சொல் என்று திரிசொல்லை இரண்டாகப் பிரித்தவர் தொல்காப்பியர். ஒருசொல் பல்பொருளுக்கென்றே திவாகர நிகண்டு ஒரு தொகுதி வைத்திருக்கிறது. வெள்ளைக்காரனும் சளைத்தவனில்லை. 1989-இல் வந்த ஆக்ஸ்போர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் ‘செட்’ என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 430 பொருள்! ஆக, ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பது குற்றமில்லை.

பின்னே எது குற்றம்? ஒத்துப்போவதற்கு ‘அடாப்ட்’, இடம் கொடுப்பதற்கு ‘அக்காமடேட்’, சகிப்பதற்கு ‘டாலரேட்’ என்று வெள்ளைக்காரன் பிரித்து வைத்திருக்கிறான். நாமதான் எல்லாத்தையும் ஒரே கோணிப்பையிலே போட்டுக் கட்டிட்டோம்.

கட்டினால் என்ன நட்டம்? புகுந்த வீட்டிலே அடிபட்ட பெண் பிறந்த வீட்டுக்கு வந்து அழுகிறாள். ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா’ என்கிறோம். பஸ்ஸில் சொன்ன அதே சொல்! பஸ்ஸில் போறவர் அரிமளம் வந்ததும் இறங்கிவிடுவார். அவள் எங்கே இறங்குவாள்? அதையே தமிழில் சொல்லிப் பாருங்கள்: ‘அடியைத் தாங்கிக்கம்மா.’ சொல்ல வாய் வருமா? பெத்த வயிறு பத்தி எரியாதா? (கைதட்டல்)

நகர், ஈடுகட்டு, விட்டுக்கொடு, பொறு, தாங்கு... ஒவ்வொரு தமிழ்ச் சொல்லும் யார் கொடுக்கிறார், யார் சுமக்கிறார் என்று காட்டிக்கொடுக்கும். ‘அட்ஜஸ்ட்’ அதை மூடி மறைக்கும். அதன் லத்தீன் வேருக்குப் பொருள், அருகில் சேர்ப்பது. நாமோ அந்தச் சொல்லைச் சொல்லித்தான் மகளைத் திருப்பி அனுப்புகிறோம்!

ஆகவே நடுவர் அவர்களே, இந்தக் கலப்பு வளமில்லை, வறுமையே என்று தீர்ப்பளியுங்கள். ரெண்டு அணிக்கும் பொதுவா ‘அட்ஜஸ்ட் பண்ணி’ மட்டும் தீர்ப்புச் சொல்லிடாதீங்க!