சவுதார் குளக்கரையில் இரண்டு தலைமுறைகள்



விண்ணப்பம் எழுதியே பெரியவர்கள் காலத்தைக் கழித்துவிட்டார்கள் என்று இளைஞர்கள் குறைப்படுவதும், பிள்ளைகளுக்குப் பொறுமையில்லை என்று பெரியவர்கள் வருந்துவதும் நம் சங்கத்தில் புதியனவல்ல. இரு சாராரும் மகத் நகரத்து வரலாற்றை ஊன்றிப் படிக்க விழைகிறோம்.

மகத், அன்றைய பம்பாய் மாகாணத்துக் கொங்கணப் பகுதியில் இருந்தது. அதனை அடுத்த ஊரினரான கோபால் பாபா வலங்கர், படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். தம் மக்களுக்குப் படையில் இடம் மறுக்கப்பட்டபோது, 1890களில் முறையீடு வரைந்தார். அத்தலைமுறை அறிந்த வழி அது.

1923-இல் எஸ்.கே. போலே பம்பாய்ச் சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானம், பொது நிதியில் அமைந்த குளங்களையும் கிணறுகளையும் நம் மக்களுக்குத் திறந்தது. மகத் நகரசபையும் இசைந்தது, ஏட்டளவில்தான். (இரட்டைமலை சீனிவாசனார் 1924-இல் சென்னைச் சட்டசபையில் நிறைவேற்றுவித்த பொதுவழித் தீர்மானமும் பல ஊர்களில் அவ்வாறே உறங்கிற்று.)

1927 மார்ச் 20 அன்று, 35 வயதினரான டாக்டர் அம்பேத்கர் முன்செல்ல, நம் மக்கள் திரண்டு சென்று சவுதார் குளத்து நீரை அருந்தினர். அன்றே அடியும் பட்டனர். முந்தையோர் பெற்ற தீர்மானத்தின் பலத்தில்தான் அவர்கள் குளத்தில் இறங்கினர் என்பதை இளைஞர்கள் மறத்தலாகாது.

அதனினும் நாம் பெரிதாக மதிப்பது அவ்வாண்டு டிசம்பரில் நிகழ்ந்ததே. நகரசபை தன் இசைவைத் திரும்பப் பெற்றிருந்தது. எதிர்ப்பாளர் நீதிமன்றத் தடையும் வாங்கியிருந்தனர். சத்தியாக்கிரகத்திற்குப் பெயர் கொடுத்தோர் மூவாயிரத்திற்கும் மேற்பட்டோர். பெரும்பாலோர் இறங்கியே தீருவோம் என்றனர். மார்ச்சில் துணிந்து முன்சென்ற டாக்டரே இப்போது வழக்கு முடியும்வரை பொறுக்கச் சொன்னார். ஆணையிட்டு அடக்கவில்லை, காரணங்களைக் கூட்டத்தில் விளக்கி இசைவு பெற்றார். தொண்டர்களுக்குக் கசந்துதான் இருக்கும். எனினும் கலையாமல், குளத்தைச் சுற்றி ஊர்வலம் வந்தனர். வழக்கு 1937-இல் உயர்நீதிமன்றத்தில் நமக்கு வெற்றியாக முடிந்தது. பத்தாண்டுகள்!

1972-இல் பம்பாயில் தலித் பாந்தர்கள் எழுந்தபோது, குடியரசுக் கட்சித் தலைவர்களிடம் அவ்வாறு அமர்ந்து விளக்கும் பொறுமையும் இல்லை, இளைஞர் மதிக்கும் ஒற்றுமையும் இல்லை. பிள்ளைகள் தனிவழி சென்றதில் வியப்பென்ன?

நம் சங்க அலுவலகத்துப் பெட்டியில், உதவித்தொகை, சுடுகாட்டுப் பாதை ஆகியன குறித்துப் பெரியோர் எழுதிய விண்ணப்பங்களின் நகல்கள் உள்ளன. ஆணை பிறந்தும் நடைமுறைக்கு வராதவை அவற்றில் எவை என்று மாணவர்கள் எடுத்துப் பார்க்கட்டும்; எழுதியவர்கள் உடனமர்ந்து விளக்கட்டும். பெட்டியின் சாவி செயலாளரிடம் இருக்கிறது.